முந்நூறு பேர் பார்த்த முகம்

ஜூன் 3

தம்பிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கத்தான் கை பழகியிருக்கிறது. இந்தத் தடவை அதை விட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். என் போனில் நான் இப்போது யாரோடும் பேசுவதில்லை. உன்னோடு பேசிக்கொண்டிருக்கும் இரண்டு நிமிடத்தில் அவன் கூப்பிட்டு, லைன் பிஸி என்று வந்துவிட்டால்? ஒரு தடவை கூப்பிட மனசு வந்தவனுக்கு இரண்டாம் தடவையும் வரும் என்று என்ன நிச்சயம்? அதனால் நீயும் கூப்பிடாதே. எழுது.

உன் மருமகன் வீட்டைவிட்டுப் போய் இன்றோடு எழுபத்திரண்டு நாள். நடந்ததை அன்றைக்கு உனக்கு அரைகுறையாகத்தான் சொன்னேன். ஒரு வருஷமாக அவன் கல்லூரிப் பக்கமே போகவில்லை. காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவான், சாயங்காலம் வருவான். நடுவில் பஸ் டிப்போவில் போய் உட்கார்ந்திருக்கிறான்! நான் ஆஸ்பத்திரி லாண்டரியில் அடுத்தவர்கள் படுத்த விரிப்பை மடித்துக்கொண்டு, என் பிள்ளை படிக்கிறான் படிக்கிறான் என்று கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். தெரிந்த அன்றைக்கு அறைந்தேன். அதுகூடப் பரவாயில்லை. "இனிமே என் மூஞ்சியில முழிக்காத, போ" என்று சொல்லிவிட்டேன். பிறந்ததிலிருந்து நான் சொன்ன ஒரு சொல்லைக் கேட்டவனில்லை. இதை மட்டும் கேட்டான்.

போலீஸில் எழுதிக் கொடுத்தாயிற்று. "பத்தொன்பது வயசாம்மா? அப்ப அவனாத்தான் போயிருக்கான், அவனா வருவான்" என்று எழுத்தர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

நீ சொன்ன யோசனைப்படி இணையத்தில் விளம்பரம் கொடுத்துவிட்டேன். தெருமுனையில் பிரிண்ட் எடுக்கும் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான் செய்து கொடுத்தார். அவன் போட்டோ, கீழே "இவரைப் பார்த்தீர்களா?" தொட்டால் ஒரு பக்கம் திறக்கும். செய்தி எழுத அதில் ஒரு பெட்டி இருக்கிறது. யாராவது தொட்டால்தான் நமக்குச் செலவாம், சும்மா பார்த்துவிட்டுப் போனால் கிடையாதாம். நியாயமான ஏற்பாடாகத்தான் தெரிகிறது. அதற்காக இரண்டாவது ஷிப்டும் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தும் என்ன செய்யப்போகிறேன்?

நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்கிறவர்களிடம் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். சரிதானே?

அக்கா


ஜூன் 11

அக்காவுக்கு,

கம்ப்யூட்டர் வேலைதான், தாராளமாகச் சொல்லிக்கொள். உட்கார்ந்த இடம், தலைக்கு மேலே மின்விசிறி, உடம்பில் விரலுக்கு மட்டும்தான் உழைப்பு. கீழே வேலை, மேல்மாடியில் படுக்கை. ஒரு அறையில் ஆறு பேர். அதில் ஒருவன் தூக்கத்தில் பாடுகிறான், அதுவும் ராகம் தப்பி. உள்ளே போகும்போது போனை வாசலில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே நீ கூப்பிடாதே என்றதால் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

அவன் என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை அக்கா. மாமா மாமா என்று ஒட்டிக்கொண்டு திரிந்தவன். நான் சொல்லியாவது அவன் கேட்டிருப்பானே என்று எனக்கே ஆறவில்லை. நீ அடித்ததையும் சொன்னதையும் நினைத்து உன்னையே தின்றுகொண்டிருக்காதே. எல்லா வீட்டிலும் சொல்கிற சொல்தான் அது. கேட்டவுடன் யார் போகிறார்கள்?

விளம்பரம் நல்லதுதான். ஆனால் அதில் வருகிற எண்களை ரொம்ப நம்பிவிடாதே. தெரியாமல் கைபட்டுத் தொடுகிறவர்கள் உண்டு. வேலையற்றுத் தொடுகிறவர்களும் உண்டு. தெருவில் நேராகப் பார்த்தேன் என்று ஒருவர் வந்து சொன்னால்தான் சொல். இரண்டு ஷிப்ட் வேண்டாம், உன் கால் தாங்காது.

தம்பி


ஜூன் 24

தம்பிக்கு,

நம்பாதே கிம்பாதே என்று பெரிய மனுஷன் மாதிரி எழுதியிருந்தாயே, இப்போது என்ன சொல்கிறாய்? நேற்று ஒரே நாளில் முந்நூற்று நாற்பது பேர்! முந்தாநாள் முந்நூற்றுப் பன்னிரண்டு. தினமும் ஷிப்ட் முடிந்து பிரிண்ட் கடைக்குப் போய் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வருகிறேன். கடைக்காரரே அசந்துபோய்விட்டார். "பெரிய பெரிய துணிக்கடைக்குக்கூட இப்படித் தொடமாட்டாங்கம்மா, உங்க பையன் மூஞ்சி ராசி" என்கிறார். அந்த மூஞ்சியைத்தான் என் முன்னால் காட்டாதே என்றேன். இப்போது ஊருக்கெல்லாம் காட்டுங்கள் என்று கூலி கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று கேள். தொட்டவர்கள் உடனே ஓடிவிடுவதில்லை. ஒவ்வொருவரும் அவன் பக்கத்தில் இருபது விநாடி நிற்கிறார்கள். அதையும் கடைக் கம்ப்யூட்டரில் வருகிற கணக்கு காட்டுகிறது. இருபது விநாடி கொஞ்சம் என்று நினைக்காதே. கடிகாரத்தை வைத்துக்கொண்டு நானும் அவன் போட்டோவை அவ்வளவு நேரம் பார்த்தேன். புருவத்து மேல் தழும்பு, கோணலாகப் போட்ட பொத்தான் எல்லாம் பார்த்துவிடலாம். பேர் ஊர் தெரியாத முந்நூறு பேர் தங்கள் வேலையை விட்டுவிட்டு என் பிள்ளையை அப்படி உற்றுப் பார்த்திருக்கிறார்கள். உலகத்தைப் பற்றி நான் கொஞ்சம் மட்டமாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் தம்பி. அவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கட்டும்.

பெட்டியில் செய்திகளும் வருகின்றன. "பார்த்த மாதிரி இருக்கு" என்று பதினொரு பேர் எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுக் கடையிலேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன், கடைக்காரர் பயந்துபோய் டீ வாங்கிக் கொடுத்தார். "விவரம் அனுப்பவும்" என்று சிலர். அனுப்பினேன், பதில் இல்லை. ஒருவர் "விலை என்ன?" என்று கேட்டிருக்கிறார். யாராவது பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறார்களோ என்று போலீஸுக்கு ஓடினேன். எழுத்தர் சிரித்தார். இன்னொருவர் "வேறு கலரில் கிடைக்குமா?" என்கிறார். பைத்தியங்களும் உண்டு போல.

முக்கியமானதை இப்போதுதான் சொல்கிறேன். தொட்டவர்கள் எந்த ஊரிலிருந்து என்றும் கணக்கில் வருகிறது. பாதிக்குமேல் ஒரே ஊர், துறைமுக ஊர்! நமக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்? யாருமில்லை. அப்படியிருக்க அங்கே மட்டும் ஏன் இத்தனை பேர் பார்க்கிறார்கள்? அவன் அங்கே இருக்கிறான். அக்கம்பக்கத்தில் பார்த்த முகமாக இருப்பதால்தான் தொடுகிறார்கள். இது உனக்குத் தோன்றவில்லையா? லீவு சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் போகிறேன்.

அக்கா


ஜூன் 29

அக்கா,

போகாதே. இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும்போது நீ பை கட்டிக்கொண்டிருந்தாலும் அப்படியே அவிழ்த்து வை.

அந்தக் கணக்கில் வருகிற ஊர் சரியாகவே இருக்காது. எனக்கு இந்தத் தொழில் கொஞ்சம் தெரியும் என்பதால் சொல்கிறேன். ஒரு ஊரில் இருந்துகொண்டு இன்னொரு ஊரில் இருப்பதாகக் காட்டலாம். அது ஒரு பட்டனில் முடிகிற காரியம். எதற்காகக் காட்டுவார்கள் என்று கேட்காதே, ஆயிரம் காரணம் இருக்கும். அவன் அந்த ஊரில் இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறான் என்பதற்கு அது சாட்சி இல்லை என்றுதான் சொல்கிறேன்.

விளம்பரத்தையும் கொஞ்ச நாளைக்கு நிறுத்திப் பாரேன். போஸ்டர் அடித்து ஒட்டலாம். அது மலிவு.

கெஞ்சிக் கேட்கிறேன், போகாதே.

தம்பி


ஜூலை 7

தம்பிக்கு,

உன் கடிதம் நான் பஸ் ஏறப்போகும்போது வந்தது. பஸ்ஸில் படித்தேன். காரணம் சொல்லாமல் போகாதே போகாதே என்றால் யார் கேட்பார்கள்? அதோடு விளம்பரத்தையும் நிறுத்தச் சொல்கிறாய். முந்நூறு பேர் பார்க்கிற இடத்தை விட்டுவிட்டுச் சுவரில் ஒட்டுவதா? நாய்தான் நின்று பார்க்கும்.

இங்கே வந்து ஐந்து நாள் ஆகிறது. லாட்ஜ் அறையில் ஒரு ஜன்னல், திறந்தால் தகரக் கூரை. காலையில் சரக்கு ஏற்றுகிற இடத்தில் நிற்கிறேன், மத்தியானம் டீக்கடைகள், சாயங்காலம் பஸ் நிலையமும் ஆதரவில்லாதவர்கள் படுக்கிற கூடமும். போட்டோவை நீட்டினால் எல்லோரும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். பார்த்தவர் ஒருவர்கூடவா இல்லை? பிரிண்ட் கடைக்காரர் தினமும் மெசேஜில் எண்ணை அனுப்புகிறார். நேற்று இந்த ஊரில் மட்டும் நூற்றெண்பது பேர். இதே ஊரில்! நான் கால் கடுக்க நிற்கிற இதே தெருக்களில்!

நேற்றுச் சண்டையே போட்டுவிட்டேன். கிரேன் ஓட்டுகிறவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். "பொய் சொல்லாதீங்க. நேத்து நூத்தியெண்பது பேர் பார்த்திருக்கீங்க. ஏன் மறைக்கிறீங்க? அவன் சொல்ல வேண்டாம்னு சொன்னானா?" என்று கத்தினேன். அதில் வயதானவர் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்தார். "அம்மா, எங்ககிட்ட இருக்கிறது பூரா பட்டன் போனு. இதுல படமே வராது" என்று எடுத்துக் காட்டினார். எனக்கு உட்கார இடம் போட்டுக் கொடுத்தார்கள். இரக்கப்படுகிறார்களாம்! எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது.

இந்த ஊரே சேர்ந்து என் பிள்ளையை ஒளித்து வைத்திருக்கிறது என்று சில நேரம் தோன்றுகிறது. அப்படி இருக்காது என்றும் தெரிகிறது. வலது கால் வீங்கி, செருப்பு போகவில்லை. நாளை மறுநாளுக்குள் வராவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வோம் என்று லாண்டரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் எப்படித் திரும்புவது? நான் பஸ் ஏறிய பத்தாவது நிமிடம் அவன் அந்தத் தெருவில் நடந்து வருவான் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

நீ ஒரு நான்கு நாள் லீவு போட்டு வா. இரண்டு பேராகத் தேடுவோம். ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நான். உன்னிடம் இதுவரைக்கும் நான் எதையும் கேட்டதில்லை.

அக்கா


ஜூலை 15

அக்காவுக்கு,

இதை வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன். நீ அந்த ஊரிலிருந்து திரும்பியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

அந்த நூற்றெண்பது பேர் நான்தான்.

என் வேலை என்னவென்று சொல்கிறேன். ஒரு நீளமான அறை. சுவர் ஓரமாக இரும்பு ராக்குகள். ஒவ்வொரு ராக்கிலும் நாற்பது போன்களைத் திருகி வைத்திருக்கிறார்கள், முகம் நம்மைப் பார்த்து. ஒரு ஆளுக்கு ஒரு ராக், மொத்தம் பன்னிரண்டு ஆள். முதலாளி ஒன்றுமே இல்லாத இணையப் பக்கங்கள் நூற்றுக்கணக்கில் வைத்திருக்கிறார். அதில் விளம்பரங்கள் வரும். யாராவது தொட்டால் விளம்பரம் கொடுத்தவர் பணம் கட்ட வேண்டும், அதில் ஒரு பங்கு முதலாளிக்கு. நிஜமாக யார் வந்து தொடுவார்கள்? அதனால் நாங்கள் தொடுகிறோம். தட்டுவது என்று சொல்வோம். விரலில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு வரிசையாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். தட்டினால் இருபது விநாடி அந்தப் பக்கத்திலேயே நிறுத்தி வைக்க வேண்டும், உடனே மூடினால் போலி என்று தெரிந்துவிடும். ஐம்பது தட்டலுக்கு ஒரு தடவை செய்தியும் அனுப்ப வேண்டும். அதற்கு முப்பத்தொன்பது வாக்கியங்கள் கொடுத்திருக்கிறார்கள். சோப்போ சைக்கிளோ, எந்த விளம்பரமானாலும் அதே முப்பத்தொன்பதுதான், எடுத்து ஒட்ட வேண்டியது. "பார்த்த மாதிரி இருக்கு" என்பது ஏழாவது. "விலை என்ன?" முதலாவது.

எந்த ஊரிலிருந்து தட்டுகிறோம் என்று ஒரு பட்டியலில் தேர்ந்தெடுக்க வேண்டும். மணிக்கு ஒரு தடவை மாற்று என்பது சட்டம். துறைமுக ஊர் பட்டியலில் முதலில் இருக்கிறது. கீழே தள்ளிப் பார்க்கச் சோம்பல்பட்டு நான் எப்போதும் அதையே வைத்துவிடுவேன். வேறு காரணம் ஒன்றுமே இல்லை அக்கா. என் சோம்பல் உன்னை அந்தத் தெருக்களில் நிறுத்தியது.

ஜூன் பதினான்காம் தேதி காலையில் என் ராக்கில் அவன் முகம் வந்தது. ஒரு போனில் இல்லை, நாற்பதிலும். எங்கள் மேற்பார்வையாளரை மேஸ்திரி என்று கூப்பிடுவோம். அவரிடம் போய், இது என் அக்கா கொடுத்தது, இதை மட்டும் தட்ட வேண்டாம் என்று சொன்னேன். "ஒண்ணுக்கு விட்டுக் கொடுத்தா, அப்புறம் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு அக்கா வருவா" என்றார். நான் தட்டாமல் விட்டேன். மற்ற பதினொரு பேரும் தட்டினார்கள். மூன்றாம் நாள் என் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று கேட்டார்கள். நான்காம் நாள் நானும் தட்டினேன்.

இதுவரை நான் யாரையும் ஏமாற்றுவதாக நினைத்ததில்லை. "யாரு வயித்துல அடிக்கிறோம்? பெரிய கம்பெனிக்காரன் விளம்பரத்துக்குன்னே ஒதுக்கி வச்ச காசு" என்று மேஸ்திரி சொல்வார், நானும் அதையே சொல்லிக்கொண்டு தூங்கினேன். அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கும் என்று எங்கள் பன்னிரண்டு பேரில் ஒருவனுக்கும் தோன்றியதில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் செலவு என்று நீ வரம்பு வைத்திருக்கிறாய் இல்லையா? காலை பதினோரு மணிக்குள் நாங்கள் அதைத் தீர்த்துவிடுகிறோம். தீர்ந்துவிட்டால் அன்றைக்கு விளம்பரம் வராது. அதற்குப் பிறகு நிஜமான மனிதர் யார் கண்ணிலும் அவன் படுவதில்லை. முந்நூறு பேர் பார்த்தார்கள் என்று நீ நினைத்தாய். நாங்கள் பார்த்துப் பார்த்து மற்றவர்கள் பார்க்க முடியாமல் செய்துவிட்டோம்.

பார்த்தோம் என்பதுகூடப் பொய். போன வாரம் அவன் போட்டோவை எடுத்துக்கொண்டு போய் மற்ற பதினொரு பேரிடமும் காட்டினேன், எங்கேயாவது கண்டால் சொல்லுங்கள் என்று. ஒரு மாதமாகத் தினமும் அந்த முகத்தைத் தட்டுகிறவர்கள். "யாருடா இது, புது ஆளா?" என்று கேட்டார்கள்.

உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். போனில் கூப்பிடாதே என்று நீ எழுதியது எனக்குச் சாக்காகப் போயிற்று. இன்னும் இங்கேதான் இருக்கிறேன். என் சான்றிதழ்கள் அவர்கள் அலமாரியில் இருக்கின்றன. நாளைக்கும் தட்டுவேன் என்றுதான் நினைக்கிறேன். திட்டியாவது எழுது.

தம்பி


ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

நான் திரும்பி வந்தது ஜூலை பதினான்கு. காய்ச்சலும் காலும் ஒரு வாரம் எழுந்திருக்க விடவில்லை. எழுந்த அன்றைக்கு உன் கடிதம். லாண்டரியில் மறுபடி காலில் விழாத குறையாகக் கேட்டு ஒரு ஷிப்ட் வாங்கியிருக்கிறேன். "முந்நூறு பேர் என்னம்மா சொல்றாங்க?" என்று இஸ்திரி போடுகிறவள் கேட்கிறாள். நான்தானே ஊரெல்லாம் சொல்லி வைத்தேன். அவளுக்கு என்ன சொல்வது? என் தம்பியின் விரல் என்று சொல்வதா?

நீ தட்டியதைக்கூட விட்டுவிடுகிறேன். வயிற்றுப்பாட்டுக்கு மனிதர்கள் என்னென்னவோ செய்கிறார்கள், நானே அடுத்தவர் அழுக்கில்தான் சாப்பிடுகிறேன். என்னைத் தெருவில் நிறுத்தியதையும் விட்டுவிடுகிறேன். நானாகப் போனேன். ஒன்றை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே பிரிண்ட் கடைக்குப் போனேன். பெட்டியைத் திறக்கச் சொன்னேன். நான் ஊரில் இல்லாதபோது வந்து குவிந்திருந்தன. விலை என்ன, விலை என்ன, பார்த்த மாதிரி இருக்கு, விவரம் அனுப்பவும். ஒவ்வொன்றும் எத்தனையாவது வாக்கியமோ என்று நினைத்துக்கொண்டே வந்தேன். நடுவில் ஒன்று. ஜூலை பன்னிரண்டு, சாயங்காலம் ஆறு மணி. "டாக்டரம்மா, டூட்டி முடிஞ்சுதா? கோபம் போச்சா? போயிருந்தா இந்த நம்பருக்கு ஒரு ரிங் விடு. பேச வேண்டாம், ரிங் போதும்." கீழே ஒரு நம்பர்.

உனக்கு எப்படி மனசு வந்தது? ஆஸ்பத்திரியில் வேலை என்பதால் அவன் என்னைக் கிண்டலாக அப்படிக் கூப்பிடுவான். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வரும். நான் முறைப்பேன், நீ கூட உட்கார்ந்து சிரிப்பாய். அந்தப் பேர் நாலு சுவரைத் தாண்டி யாருக்கும் தெரியாது. அவனுக்கு, எனக்கு, உனக்கு. அவனாக இருந்தால் என் போனுக்கே அடித்திருப்பான், நம்பர் அவனுக்குத் தெரியாதா? பொய்ப் பெட்டியில் நானூறு பொய்யோடு சேர்த்து வந்து எழுதுவானேன்? நான் துறைமுகத்தில் கிடந்து தவிக்கிறேன் என்று தெரிந்ததும், அக்காவுக்கு ஒரு ஆறுதல் என்று நினைத்து எழுதியிருப்பாய். அல்லது நாற்பதாவது வாக்கியமாகச் சேர்த்துக்கொண்டாயோ என்னவோ. அந்த நம்பருக்கு அடித்தால் நீயே எடுத்து அவன் குரலில் பேசுவாயா?

கடைக்காரரிடம் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன். "அழிச்சா திரும்ப வராதும்மா, ஒரு தடவை யோசிச்சுக்குங்க" என்றார். அழியுங்கள் என்றேன். விளம்பரத்தையும் மூடியாயிற்று.

நீ என் தம்பி என்பதை என்னால் அழிக்க முடியாது. மற்றபடி இனி எனக்கு எழுதாதே.

அக்கா


ஆகஸ்ட் 11

அக்கா,

எழுதாதே என்றாய். இதை எழுதாமல் இருக்க முடியாது.

அதை நான் எழுதவில்லை.

நான் ஒட்டியதெல்லாம் அந்த முப்பத்தொன்பதில் ஒன்றுதான். அதில் ஒரு எழுத்தை மாற்றக்கூட அந்தப் போன்களில் வழி கிடையாது, எழுத்துப் பலகையை அடைத்து வைத்திருக்கிறார்கள். அவன் பேரில் எழுத எனக்குத் துணிச்சல் இருந்திருந்தால், என் பேரில் உனக்கு உண்மையை அன்றைக்கே எழுதியிருப்பேன்.

நீ எழுதிய தேதியைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. ஜூலை பன்னிரண்டும் பதிமூன்றும் எங்கள் அறையே மூடியிருந்தது. சூட்டில் வயர் பற்றி எரிந்து, மின்சாரம் போய், எல்லோரையும் மேல்மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த இரண்டு நாளும் பன்னிரண்டு பேரில் ஒருவரும் தட்டவில்லை. ஆகவே உன் விளம்பரம் பதினோரு மணிக்குத் தீர்ந்துபோகாமல் சாயங்காலம் வரைக்கும் நிஜமான மனிதர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. அவன் கண்ணிலும் பட்டிருக்கிறது. நாங்கள் தட்ட ஆரம்பித்த பிறகு அப்படிப் படுவதற்குக் கிடைத்ததே அந்த இரண்டு நாள்தான்.

அவன் ஏன் உன் போனுக்கு அடிக்கவில்லை என்று கேட்டாய். மூஞ்சியில் முழிக்காதே என்றவளுக்கு நேராக எப்படி அடிப்பான்? கோபம் போயிற்றா என்று தெரிந்துகொண்டு பேசலாம் என்று பார்த்திருக்கிறான். அவன் அப்படித்தான், சின்னப்பிள்ளையிலேயே கதவிடுக்கில் நின்று உன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவான்.

நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். சான்றிதழ்கள் அங்கேயே கிடக்கின்றன. உன் கடிதம் வந்த அன்றே என் பேரில் விளம்பரத்தை மறுபடி போட்டேன். அதே போட்டோ. கீழே "டாக்டரம்மாவுக்குக் கோபம் போயிடுச்சு" என்று எழுதி, உன் நம்பரையும் என் நம்பரையும் கொடுத்திருக்கிறேன். ஐந்து நாளாகப் பெட்டியில் வருகிற ஒவ்வொன்றையும் படிக்கிறேன். எல்லாம் எனக்கு மனப்பாடமான வாக்கியங்கள். என் ராக்கில் இப்போது வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறான். பதினோரு மணிக்கு விளம்பரம் தீர்ந்துவிடுகிறது.

அக்கா, அந்த நம்பர் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? முழுசாக வேண்டாம். ஒன்றிரண்டு எண்ணாவது? கடைக்காரருக்காவது?

தம்பி


ஆகஸ்ட் 20

தம்பிக்கு,

படித்தேன்.

நம்பர் ஞாபகமில்லை. கடைசியில் நாலோ ஏழோ இருந்தது. கோபத்தில் பார்த்த கண்ணுக்கு எண் எங்கே தெரியும்? கடைக்காரர் இரண்டு நாள் கடையைப் பாதி மூடிவைத்துத் தேடினார். யாரையோ வரவழைத்தும் பார்த்தார். "அன்னிக்கே கேட்டேனேம்மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார், அப்புறம் அவருக்கே சங்கடமாகிவிட்டது.

உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்துவிட்டதே, சந்தோஷப்படு என்று லாண்டரியில் எல்லோரும் சொல்கிறார்கள். சந்தோஷம்தான், இல்லையென்று யார் சொன்னது? அவன் எங்கேயோ ஒரு மூலையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ரிங்குக்காக எத்தனை நாள் உட்கார்ந்திருந்தான், அம்மாவுக்குக் கோபம் போகவே இல்லை என்று எந்த நாளில் முடிவு கட்டினான் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. விரிப்பை மடிக்கும்போதெல்லாம் அந்த நாளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். முதல் தடவை போ என்று வாயால் சொன்னேன். இரண்டாம் தடவை அவன் வாசல் வரைக்கும் வந்து கேட்டான், நான் பதிலே சொல்லவில்லை. இனி மூன்றாம் தடவை அவன் ஏன் வர வேண்டும்?

விளம்பரம் ஓடட்டும், நிறுத்தாதே. பதினோரு மணி வரைக்கும் ஓடினாலும் ஓடட்டும்.

உன் மேல் இப்போது எனக்குக் கோபம் இல்லை. கேட்பதற்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஒரு மாதம் முழுக்கப் பொய்யாகவே தட்டினாய். அத்தனை பொய்யைச் சொன்னவன், ஆமாக்கா, அதையும் நான்தான் எழுதினேன் என்று இன்னும் ஒரு பொய்யைச் சொல்லியிருக்கக் கூடாதா?

அக்கா